கதவோரம் நிற்பவன்

ஆள் நிற்கிறான் என்கிறேன் நான்.
யாருமில்லை என்கிறாள் மிரெயா.

அவள் இருப்பது அந்தோஃபகாஸ்தாவில்,
குடை விற்காத பாலை ஊர்.
நான் புந்தா அரேனாஸ்.
காற்று முற்றும் நாட்களில் இங்கே
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நாடு ஒன்றுதான்.
நடுவே மூன்று நாள் பேருந்து.

ஞாயிறு இரவு, போனில்
ஒன்று இரண்டு மூன்று எண்ணி
ஒரே படத்தை ஒரே நொடியில் தொடங்குவதாக ஏற்பாடு.
ஒருநாளும் நடந்ததில்லை.
என் வட்டு முதலில் உறுமும்,
பிறகு ஆறு மொழிகளில்
என்னைத் திருடி என்று சந்தேகிக்கும்.
தாண்டவும் விடாது.
அதற்குள் அவள் வீட்டில் விதவை
பாதிப் பெட்டி கட்டியிருப்பாள்.
பிறகு அவள் திரையில் ஒரு வளையம் சுற்றும்
சுற்றும்
நான் முந்திவிடுவேன்.

டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில்
அவளுக்குக் கட்டைவிரல் அசைந்தால் போதும்,
ஆயிரம் படம் கட்டிலுக்கு வரும்.
இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை.
என் வட்டில் எழுபத்தோராம் நிமிடத்தில் கீறல்;
விதவை "போகிறேன்" என்பதை
மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் போவாள்.

லாயத்துக் காட்சி.
விளக்கை ஊதி அணைத்துவிட்டு
குதிரையின் வாயைப் பொத்தி நடத்திக்கொண்டு போகிறாள்.
கதவோரம், மை இருட்டில்,
அதைவிட ஒரு பிடி குறைந்த இருட்டாக
கொழுந்தன் நிற்கிறான்.
அவன் தொப்பி விளிம்பைக்கூட என்னால் சொல்ல முடியும்.

"அது சுவர்" என்கிறாள்.

அவளுக்கு வருகிற குழாய் குறுகல்.
பிதுக்கி அனுப்பும்போது முதலில் கழிபடுவது நிழல்.
ஏழெட்டுக் கறுப்புகளை ஒரே கறுப்பாக்கி
சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிவிடுகிறார்கள்.
என் வட்டிலும் நசுக்கியதுதான்,
பொய் சொல்வானேன்,
ஆனால் ஒரு மனிதன் நிற்கும் அளவுக்கு
இடம் விட்டு நசுக்கியது.

நிறுத்தி, படம்பிடித்து, போனில் அனுப்பினேன்.
போனும் தன் பங்குக்கு நசுக்கியது.
"உன் மூக்குக்கண்ணாடி தெரிகிறது, எர்சி.
மேசை விளக்கு தெரிகிறது.
ஆள் எங்கே?"

சிரிப்பாகத்தான் இருந்தது, சில வாரம்.
பிறகு ஒரு ஞாயிறு கோபம் வந்துவிட்டது எனக்கு.
உன் படத்தில் அவள் தப்பித்தாள்.
என் படத்தில் அவளைப்
போகவிட்டார்கள்.
இரண்டும் ஒரே கதையா?

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த மாதம் அவள் பட்டியலிலிருந்து
படத்தையே எடுத்துவிட்டார்கள்.
ஒப்பந்தம் முடிந்ததாம்.

பழைய சாக்ஸுக்குள் சுற்றி
வட்டைப் பேருந்தில் ஏற்றினேன்.
அர்ஜென்டினாவுக்குள் நுழைந்து வெளியே வந்து
அது வடக்கே போய்ச் சேர்ந்தது.
மகன் எலிசேயோவின் விளையாட்டுப் பெட்டியில்
போட்டுப் பார்த்திருக்கிறாள், தனியாக.
கீறலையும் சேர்த்து.

செவ்வாய் இரவு அழைத்தாள்.
"நிற்கிறான்" என்றாள்.
அப்புறம் வெகுநேரம்
அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம்.

பத்தொன்பது வயதில் அவள்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
எங்கள் கொல்லைக் கதவைத் திறந்த இரவை
இதுவரை நாங்கள் பேசியதில்லை.
யாரும் பார்க்கவில்லை என்பது அவள் கணக்கு.

"எர்சி, அன்றைக்குச் சமையலறையில்
விளக்கு எரியவில்லை, இல்லையா?"

காற்று அதிகமாக இருக்கிறது என்றேன்,
சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

அன்று இங்கே
ஒரு கயிறும் கட்டியிருக்கவில்லை.