வெறும் வயிறு

ஐந்து மணி வானுக்கு
நாலரைக்கு ஒரு பிளேன்ரீ.
அம்பகாமக் காட்டில் பத்தரைக்குத்தான் பாண்.
இடையில்
தொடைக்குள் கிடக்கிற துண்டுக்கு ஒரு டைக்ளோ.
ஒன்பது வருசம்.

"வெறும் வயித்திலயா போட்டனீங்கள்?"
வவுனியா டொக்டர் கேட்டபோது
வயிறு எப்ப வெறுமையில்லாமல் இருந்தது
என்று யோசித்துக்கொண்டு
தலையாட்டினேன்.

தொண்டை விறைக்க மருந்தடித்து
இடப்பக்கம் சரித்துப் படுக்கவிட்டார்கள்.
கறுத்தக் குழாய் இறங்கியது.
எச்சில் வழிய, ஓங்காளித்துக்கொண்டே
திரையைப் பார்த்தேன்.
முழங்காலில் இருந்து கண்ணிவெடிக்கு மண் சுரண்டுகிறவளுக்கு
ஒன்று விளங்கியது:
இந்த மனுசனும் அவசரப்படவில்லை.
ஒரு மடிப்பு. நிற்பது.
தண்ணீர் பீச்சிப் பார்ப்பது. அடுத்த மடிப்பு.

சிவப்பு.
எங்கள் காட்டில் சிவப்புத் தடி நட்டால்
அங்கால் கால் வைக்கக்கூடாது.
எனக்குள்ளே ஆர் இத்தனை நட்டது?

கிளினிக் கொப்பியில் இங்கிலிசில் எழுதியதை
தாதி சுபோதினி தமிழில் சொன்னா:
இரைப்பைச் சவ்வில் நாள்பட்ட அழற்சி.
அழற்சிக்குள் அழல் இருக்கிறது, சரி.
இரைப்பைக்குள் இரை இருந்திருக்க வேணுமே.

மூன்று கிழமையால் றிப்போட் வந்தது.
குறுணி அளவில் கிள்ளி எடுத்த சதையில்
கிருமியும் இருந்ததாம்.
சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும் என்றார்.
எந்தக் கிணறு, எந்தப் பதுங்குகுழி,
எந்தக் கியூவில் வாங்கிக் குடித்த தண்ணீர்?
அதெல்லாம் சொல்ல ஏலாதாம்.
கொல்லத்தான் ஏலும்:
பதினாலு நாள், மூன்று வகைக் குளிசை,
வாயெல்லாம் தகரக் கைப்பு.
ஒரு நேரமும் தவறவிடவில்லை.
பாதி துப்பரவாக்கின காணியை
நாங்களும் ஆருக்கும் கையளிப்பதில்லை.

டைக்ளோவை நிற்பாட்டியாச்சு.
வயிறு அடங்க அடங்கத்
தொடை கதைக்கத் தொடங்கியிருக்கிறது.
பனடோலுக்கு அது மசியவில்லை.
சுடுதண்ணீர்ப் போத்தலை அணைத்துக்கொண்டு படுக்கிறேன்.

இப்போது மூன்றரைக்கு எழும்புகிறேன்.
ஒமெப்பிரசோல் ஒன்று.
பிறகு அரை மணித்தியாலம்
வாயில் ஒன்றும் வைக்காமல் இருக்கவேணும்.
ஒன்பது வருசம் சும்மா செய்ததை
மணிக்கூடு பார்த்துச் செய்வது பெரிய கரைச்சல்.
பிறகு இரண்டு இடியப்பம்,
உறைப்பில்லாத சொதி.
இன்னும் இரண்டு சரையில்.

வானுக்குள் பக்கத்துச் சீற்றில் உதயசீலி
நெஞ்சைத் தடவி ஏவறை விடுகிறாள்,
கைப்பைக்குள் குளிசைக் கார்ட்டைத் தேடுகிறாள்.
சரையை அவிழ்த்து
ஒரு இடியப்பத்தை நீட்டுகிறேன்.
"பசிக்கேல்லையடி."
நானும் அதைத்தான் சொன்னனான்.

வான் கொக்காவிலைத் தாண்டுகிறது.
இன்னும் விடியவில்லை.
இடியப்பம் என் கையில்தான்,
மடக்கேல்லை.