பழுது, காரணம், தீர்வு

நாற்பத்தோரு கருவிகளுக்கு எழுதியிருக்கிறேன் அந்த வரியை.
நீராவி இஸ்திரிப் பெட்டி, ரொட்டி வாட்டி,
நாய்முடி கத்தரிக்கும் இயந்திரம்.
எல்லாக் கையேட்டிலும், முப்பதாம் பக்கத்துக்கு மேல்,
ஜார்ஜிய மொழியில், மரியாதைப் பன்மையில்:
"மின்செருகி சரியாகப் பொருந்தியுள்ளதா எனப் பாருங்கள்."

பார்த்தேன்.
பொருந்தித்தான் இருந்தது.

பாட்டரி பதினொரு விழுக்காடு.
மிலானில் யாருக்கோ காலை எட்டு மணிக்குள்
துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று முழுசாக
என் மொழியில் வேண்டும்.
வெளியே குட்டாயிசி, டிசம்பர்.
ரியோனி ஆறு மட்டும்
விழுக்காடு பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் சுவரைச் சந்தேகித்தேன்.
அதே துளையில் கெட்டிலைச் செருகினேன், கொதித்தது.
தேநீர் போட மறந்துபோனேன்.
அடுத்து வயர். சாண் சாணாகத் தடவினேன்,
மடக்கினேன், நீட்டினேன், கெட்ட வார்த்தை சொன்னேன்.
அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது.
அந்தப் பச்சைதான் எரிச்சல்.
தன் பக்கம் தப்பே இல்லை என்று
சண்டை முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் மாதிரி.

அணைத்துவிட்டு, பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன்,
எச்ச மின்சாரம் இறங்கட்டும் என்று.
அதையும் எழுதியவள் நான்தான்,
எதற்கென்று தெரியாமலே.

ஒன்பது விழுக்காடு.

எங்கள் லிஃப்ட் காசு விழுந்தால்தான் கதவை மூடும்.
கையில் இருபது தெத்ரி இல்லை.
ஏழு மாடி இறங்கினேன், செருப்பு ஒரு ஜோடி அல்ல.

முதல் மாடியில் மக்வாலா நகம் அலங்கரிக்கிறாள்,
முன்னறைதான் கடை.
இரவு பதினொன்றரைக்கும் அங்கே
ஒரு மணப்பெண்ணின் வலது கை
ஊதா விளக்கடியில் காய்ந்துகொண்டிருந்தது.
அந்த விளக்குகள் மாதத்துக்கு ஒருமுறை செத்துப்போவதால்
மல்டிமீட்டர் வைத்திருக்கிறாள்,
நகவெட்டிகளோடு ஒரே டப்பாவில்.
கறுப்பு முனை வெளியே, சிவப்பு முனை உள்ளே.
பத்தொன்பது புள்ளி நான்கு.

"வர்றது வருது, தினாத்தின்.
உன் பெட்டிதான் வாங்க மாட்டேங்குது."
மணப்பெண் சிரித்தாள், கையை மட்டும் அசைக்காமல்.

உருப்பெருக்கியை இழுத்துச் செருகியின் வாய்க்குள் பார்த்தாள்.
நட்டநடுவில் ஒரு ஊசி, மயிரளவு,
ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது.
தம்பியின் பெட்டிக்கும் இதே கதைதானாம்.
அந்த ஊசி மின்சாரம் சுமப்பதில்லை.
'நான் உன் வீட்டு ஆள்தான்' என்று
உள்ளே போய்ச் சொல்வது மட்டுமே அதன் வேலை.
அது சொல்லாவிட்டால்
பத்தொன்பது வோல்ட் வாசலில் நின்றாலும்
தாழ் திறக்காது.

பழுது, காரணம், தீர்வு என்று
மூன்று கட்டம் போட்டே பதினாறு வருஷம் பிழைத்தவள் நான்.
எந்தக் கட்டத்திலும் இந்த ஊசி இல்லை.

சதை தள்ளும் குச்சியால் நிமிர்த்தினாள்.
நின்றது. ஆடியது.
அடியில் ஒரு சொட்டு ஜெல் வைத்தாள்.
நிறமில்லாதது தீர்ந்துபோயிருந்தது,
கல்யாணத்துக்குக் கலக்கிய கறுஞ்செர்ரிதான் மிச்சம்.
"ஒரு நகத்துக்குக் குறைஞ்சா பரவாயில்லையா?"
மணப்பெண் யோசித்துவிட்டு, சரி என்றாள்.
விளக்கடியில் அறுபது விநாடி:
ஐந்து விரல், ஒரு செருகி.
மூவரும் எதுவும் பேசவில்லை.

பெட்டியின் ஓரத்தில்
வெள்ளைப் பொட்டு ஒன்று எரிந்தது.

மக்வாலா காசு வாங்கவில்லை.
லிஃப்டுக்கு இருபது தெத்ரி தந்தாள், கடனாக.

விடியும் முன் முப்பத்தெட்டாம் பக்கம்.
பழுது: இயந்திரம் இயங்கவில்லை.
காரணங்கள் நான்கு, தீர்வுகள் நான்கு,
எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி முடித்து
ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன், மூலத்தில் இல்லாதது:
"கீழ்வீட்டில் கேட்டுப் பாருங்கள்."
அழித்தேன்.
ஏழு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி எழுதி
அனுப்பிவிட்டேன்.
மிலானில் ஜார்ஜியம் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.