பத்து கிராம்

சம்பளத் தாளில் என் பெயருக்கு முன்னால்
முனைவர் என்று போட்டிருக்கிறார்கள்.
அதற்குத் தனியாக ஒரு கட்டமும் உண்டு:
ஆராய்ச்சிப் படி, ஆயிரத்து ஐந்நூறு.

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
பஸ்ஸுக்கு நிற்கையில் வகுத்துப் பார்ப்பேன்.
நாளுக்கு ஐம்பது.
கிழங்கும் மீன்கறியும் ஒரு தட்டு.
தண்ணீர் சும்மா.

ஏழாம் தேதி பணம் வங்கியில் விழும்.
எட்டாம் தேதி கணக்கர் ஜெயசிங் கூப்பிடுவார்.
"மேடம், அந்த மீதி..."
எடுத்து, பழுப்பு உறையில் போட்டு
அவர் மேசையில் வைப்பேன்.
எண்ணிப் பார்க்க மாட்டார். நல்ல மனிதர்.
தாளில் இருப்பது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் பார்க்க.
கையில் இருப்பது நான் பார்க்க.

அவர்கள் வரும் நாளில் எனக்கு முதல் வரிசை நாற்காலி.
"எங்கள் டாக்டர் ஹெலன் விஜிலா" என்பார் சேர்மன்,
புதிதாக வாங்கிய ஸ்கேன் மிஷினைக் காட்டுவதுபோல.
வார்டில் அந்தச் சொல்லை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.
அங்கே இருபத்தாறு வயசுப் பையன் ஒருத்தன்
ஸ்டெதஸ்கோப்பைச் சுழற்றியபடி கேட்டான்:
"டாக்டரா? எதுல?"
"கால்ல" என்றேன்.

பொய்யில்லை.
இருநூற்று நாற்பது பெண்கள், நானூற்று எண்பது கால்கள்.
குளச்சல், குறும்பனை, முட்டம், கடியப்பட்டணம்.
சருவத்தை இறக்கி வைக்கச் சொல்லி,
கண்ணை மூடச் சொல்லி,
நைலான் நூலைப் பாதத்தில் வைத்து
வளையும்வரை அழுத்துவேன்.
பத்து கிராம். அதற்கு மேல் வேண்டாம்.
தெரியுதா?

குறும்பனை சலேத்தம்மாள் நூலை வாங்கி
வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
"இது எங்க தங்கூசுல்லா மக்ளே.
இதுக்கா நீ காலேஜுக்குப் போன?"
பிறகு கண்ணை மூடினாள்.
ஒன்பது இடம் தொட்டு முடித்திருந்தேன்.
"தொடு பிள்ள, எப்பத் தொடுவ?"

பெருவிரலுக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு.
எத்தனை நாளாய் அதன்மேல் நடந்தாளோ.
இடுக்கியால் எடுக்கும்போதும்
பக்கத்துக்காரியிடம் சாளை விலை பேசிக்கொண்டிருந்தாள்.
கட்டுப் போட்டதும் என்னைப் பார்த்தாள்.
"இதுக்கு ஒனக்கு எவ்வளவு தருவாவ?"

சொன்னேன் ஒரு தொகை.
பட்டம் கிடைத்தபின் வரும் என்று
நான் ராத்திரிகளில் கூட்டி வைத்திருந்த தொகை.
அவளுக்குச் சந்தோஷம். நாலு சாளை கூடுதலாகப் போட்டாள்.
அந்த மீனை நான் வீட்டில் பொரித்தேன், தின்னவும் செய்தேன்.

ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது,
கண்ணாடி அலமாரியில்.
சாவி ஜெயசிங்கிடம்.
நான் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஷாலு
அயர்லாந்தில் இருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டாள்.
முனைவர் என்று போட்டே கையெழுத்திட்டு அனுப்பினேன்.
அங்கே அதற்கு மதிப்பு உண்டாம்.

போன வியாழக்கிழமை சேர்மன் அறைக்குப் போனேன்.
மூன்று வரி மனு. நாலாவது வரியை அடித்திருந்தேன்.
படித்தார். சீனி இல்லாத சாயாவை ஒரு வாய் குடித்தார்.
"இது சேவையில்லியா, சிஸ்டர்?"
இன்ஸ்பெக்‌ஷன் நாளில் டாக்டர்.
சம்பளம் கேட்ட நாளில் சிஸ்டர்.

எழுந்தபோது பேனா கீழே விழுந்தது. குனிந்தேன்.
மேசைக்கு அடியில் அவர் ஷூவைக் கழற்றிப் போட்டிருந்தார்.
வெள்ளைக் காலுறை.
இடது பெருவிரல் பக்கம் ஒரு வட்டம்,
நடுவில் பழுப்பு, ஓரத்தில் ஈரம்.
"சார், இந்தக் கால் எத்தனை நாளா இப்படி?"
"எந்தக் கால்?"

கைப்பையில் அந்த நூல் எப்போதும் கிடக்கும்,
பஸ் டிக்கெட்டுகளோடு.
தரையில் உட்கார்ந்தேன். காலுறையை உருவினேன்.
கண்ணை மூடுங்க என்றேன். மூடினார்.
அழுத்தினேன். நூல் வளைந்தது.
இடம் மாற்றி அழுத்தினேன். வளைந்தது.
மேசைமேல் என் மனு ஏசிக் காற்றில் படபடத்தது.

"ம், தொடுங்க சிஸ்டர்" என்றார்.