நொச்சிக்காட்டுக்கு ஒரு பீரோ

"ஆறு மணிக்கே வந்துடுங்க" என்றாள் ஜெயசீலி.
நான் வருவேன், ஆறு வராது என்றேன்.
பஞ்சமித் தண்ணீர்
நேற்றையதைவிட முக்கால் மணி பிந்தித்தான்
முகத்துவாரத்தைத் தாண்டி ஏறும்.
ஏழரை ஆகும்.
"ஏழரையா?"
சரி, எட்டு என்று வைத்துக்கொள்.

வண்டி கிடைக்காமல் இல்லை.
ரோட்டில் போனால்
அவன் உட்காரும் டீக்கடையைத் தாண்டவேண்டும்,
அவன் அக்காள் வீட்டை,
இவர்களுக்குப் பந்தி போட்ட மண்டபத்தை.
உப்பனாற்றில் அவையெல்லாம்
முதுகைத்தான் காட்டும்:
காயும் பாவாடை, கழிவுக் குழாய்,
சாம்பல் கொட்டிய சரிவு,
வாயெல்லாம் நுரையோடு நம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் ஒருவர்.
பழைய பட்டணத்துக்கு இப்படியொரு முதுகு உண்டென்று
நண்டுவலை போடுகிற எங்களுக்குத் தெரியும்,
கொக்குக்குத் தெரியும்.

பீரோவை மல்லாத்தினோம்,
அடியில் இரண்டு லாரி டயர்,
கண்ணாடி வானத்தைப் பார்க்க.
கனக்கும் என்று ஐஸ் பெட்டியை இறக்கிவைத்திருந்தேன்.
படகு நாலு விரல்தான் அமிழ்ந்தது.
உள்ளே ஒன்றே ஒன்று
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டது.
என்னவென்று கேட்கவில்லை.
எவ்வளவு என்று படகு சொல்லிவிட்டது.

சிப்காட் தாண்டும்வரை எஞ்சின்.
அப்புறம் ஆறு சட்டென்று அகலும்.
அகன்றால் ஆழமில்லை.
கொக்கு கால் தெரிய நிற்கிறதா, அங்கே சேறு.
நீர்க்காகம் முழுகுகிறதா, அங்கே வழி.
கரைக்குக் கரை வளைந்து
கழியைக் குத்திக் குத்தி
இரண்டு முழம், ஒன்றரை, ஒன்று,
சாண்.

நின்றது.

"இப்ப என்ன?"
"ஒண்ணுமில்ல. தண்ணி வரும்."

சிக்கல் அதுவல்ல.
முன்னே, ஆற்றின் குறுக்கே, குழாய் கிடக்கிறது.
ஏதோ ஆலைக்கு ஏதோ கொண்டுபோவது.
சேற்றைத் தாண்டத் தண்ணீர் ஏறவேண்டும்.
குழாயைத் தாண்டத் தண்ணீர் ஏறக்கூடாது.
நடுவே ஒரு பீடி புகைகிற நேரம் கிடைக்கும்.
விட்டால் சாயங்காலம்தான்.

அவள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.
எனக்கு நாலு, தனக்கு நாலு.
ஒரு நண்டு ஓடு மிதந்து வந்து
எங்களை முந்திக்கொண்டு தெற்கே போனது.
எழுந்தேன்.

அமரத்தில் நான் படுத்தேன், அணியத்தில் அவள்.
கைகளால் குழாயைப் பிடித்துப் பிடித்துத் தள்ளினோம்.
பாதி போனபிறகுதான் பார்த்தேன்,
குழாயின் வயிற்றில் எலுமிச்சம்பழ அளவு
குளவிக்கூடு.
பீரோக் கண்ணாடி வெயிலை வாங்கி
ஒரு கட்டம் வெளிச்சத்தை மேலே எறிந்திருக்கிறது.
படகு நகர நகர
அது கூட்டை நோக்கி ஊர்கிறது.

கத்தவும் முடியாது.
ஜெயசீலி துப்பட்டாவை உருவிக்
கண்ணாடிமேல் போட்டாள்.
ஒரு குளவி வந்து
அவள் புறங்கையில் உட்கார்ந்து
யோசித்துவிட்டுப்
போனது.

நொச்சிக்காட்டுத் துறையில் இடுப்பளவு தண்ணீர்.
இறால் பண்ணை ஆட்கள் நாலு பேர்,
அவளுக்கும் தெரியாதவர்கள், இறங்கித் தூக்கினார்கள்.
உள்ளே உருண்டது மறுபடி உருண்டது.
எண்ணிக் கொடுத்தாள். எண்ணி வாங்கினேன்.

"தையல் மிஷின் அங்கயே இருக்கு. எப்ப எடுக்கலாம்?"
அட்டமி நவமி வேண்டாம் என்றேன்.
"நல்ல நாள்லாம் நான் பாக்கறதில்ல."
நாளுக்காக இல்லை.
அன்றைக்குத் தண்ணீர்
ஏறவும் மனசில்லாமல் வற்றவும் மனசில்லாமல்
சும்மா கிடக்கும்.
அமாவாசைக்கு மறுநாள் வா.

தலையாட்டினாளா தெரியவில்லை,
துப்பட்டாவிலிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது குழாய் வழி அடைத்திருந்தது.
படகை அதிலேயே கட்டிவிட்டு
நாலாவது பிஸ்கட்டைத் தின்றேன்.
தண்ணீர் ஏறி ஏறி
கூட்டுக்கு ஒரு விரல் கீழே வந்து
நின்றுவிட்டது.
அளந்துதான் கட்டியிருக்கிறது குளவி.
இன்றையத் தண்ணீரையா,
அமாவாசைத் தண்ணீரையா
என்றுதான் தெரியவில்லை.