குமுளி இறக்கம்

ஏழு பேர் வண்டியை
ஏலத்தோட்டத்துக்காரருக்கு விற்றோம்.
கடைசியாகக் கூட்டியபோது சீட்டுக்கடியில்
ஒற்றைச் செருப்பு, முறுக்குத் தூள்,
காணோமென்று ரிஃபானா இரண்டு நாள் அழுத பால்பல்.

புதுசு சின்னது.
பாதி பெட்ரோல், பாதி பேட்டரி.
நடுவில் யார் உட்காருவது என்று
லோயர் கேம்ப் வரை வழக்கு.
தள்ளுவண்டி டிக்கியில் அடங்கவில்லை,
குமுளிச் சந்தை முழுக்க
கைப்பிள்ளை என் இடுப்பில்தான்.

செக்போஸ்ட்டில் நின்றதும் இன்ஜின் அடங்கியது.
"செத்துப்போச்சா அத்தா?" என்றான் அஃப்ரித்.
"இல்லடா, மூச்சைப் பிடிச்சிருக்கு."
அவனும் பிடித்துக்கொண்டான்
முன்னால் நின்ற லாரி நகரும்வரை.

சாயங்காலம், இறக்கத்தில்,
மூன்றாவது வளைவில்
பின்னாலிருந்து ஒரு ஹாரன்.
"நம்ம ஹாரன்!"

முந்திப் போனது.
உள்ளே பதினான்கு தலை இருக்கும்,
மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு.
ரிஃபானா ஒட்டிய முயல்மேல்
கன்னம் வைத்து
ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் டயர் சத்தம் மட்டும்.
பேட்டரியில் ஒரு கோடு ஏறியது.
"அந்த அக்கா முயலை நசுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு
கண்ணாடியில் வாய்வைத்து ஊதி
காதிலிருந்து வரையத் தொடங்கினாள்.