பிசிர்

பழைய பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில்
தரணியைக் கண்டெடுத்த மறுவாரம்
பிசிர் வெட்டும் ட்ரிம்மரை
டிபன் பையில் போட்டுக்கொண்டேன்.
லோகுவின் கழுத்து எனக்குத் தெரியும்.
காலேஜ் ரோட்டுப் பேக்கரியில்
தேங்காய் பன்னைப் பிய்த்து விழுங்கும்போது
ஒரு நரம்பு ஏறி இறங்கும்.

கிட்டப் போக ஒரே வழி
மாத்திரை கேட்பதுதான்.
"உங்கண்ணன் கணக்கு பாக்கி இருக்குது கண்ணு"
என்றான். சிரிக்கவில்லை.
நூற்றைம்பது ரூபாய்.
கைக்கு வந்தபின் எறிய மனமில்லை.

ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாச்சு,
பிறகு அதுவும் இல்லை.
நொய்யல் பாலத்தடியில்
தண்ணீருக்கு அன்றைக்கு
எந்த ஆர்டரின் சாயமோ, அந்த நிறம்.
அவனுக்காகத்தான் காத்திருந்தேன்.
கொல்வதற்கு அல்ல.

காசில்லாத ஒரு சாயங்காலம்
ட்ரிம்மரையே நீட்டினேன்.
கட்டைவிரல் நகத்தை வெட்டிப் பார்த்தான்.
"இதெதுக்கு ஆகும்?" என்று
திருப்பித் தந்துவிட்டுப்
பைக்கை உதைத்தான்.

பெருந்துறை வார்டில் ஒன்பதாம் நாள்.
எலும்புக்குள் எறும்புகள்.
நர்ஸ் பார்க்காத நேரம்
போர்வை ஓரத்துப் பிசிரைப்
பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
அம்மா அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்தாள்,
பழக்கத்தில் ரெண்டு தட்டு.
ஒன்றை மறைக்கப் பார்த்தாள்.
ரெண்டிலும் போடச் சொன்னேன்.

லோகு இருக்கிறான். அதே பேக்கரி,
அதே பன்.
நினைத்ததும் வாய் கசக்கிறது.
கசக்கட்டும்.
ஆறு மாதமாக
உப்புகூடத் தெரியாமல் கிடந்த நாக்கு.