என் பிளாக்

வலித்திருந்தால் முன்பே போயிருப்பேன்.
வலிக்கவில்லை.
கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று
கைப்பிடி பிடிக்காத பயணிபோல்
லேசாக ஆடியது, அவ்வளவுதான்.
வலக்கன்னம் உப்பியிருக்கிறதே என்று
டிப்போ கேண்டீனில் ரொஹானா கேட்டாள்.
தூக்கம் போதவில்லை என்றேன்.

மருத்துவமனையில் ஓர் இயந்திரம்
என் தலையை வலம் வந்தது,
பாதி சுற்றியதும் போதுமென்று நின்றது.
திரையில் என் தாடை
சோப்பு நுரை.
குமிழிக்குள் குமிழி,
நடுவே நூலளவு எலும்பு.

டாக்டர் குவெக் பெயரை எழுதிக் காட்டினார்.
அமெலோபிளாஸ்டோமா.
எண்ணிப் பார்த்தேன், எட்டெழுத்து.
மந்திரமாக இருந்திருக்கலாம்.

பல் முளைக்கும் காலத்தில்
எனாமல் பூச வந்த செல்களின் மிச்சமாம்.
பால் பல்லுக்கு ஒரு முறை, பிறகு மற்றதற்கு,
கடைசியாக ஞானப்பல்லுக்கு,
வேலை முடித்து வீடு போயிருக்க வேண்டியவை.
போகவில்லை.
இத்தனை வருடம் உள்ளே பதுங்கியிருந்துவிட்டு
யாரையும் கேட்காமல் ஷிப்ட் தொடங்கிவிட்டன.
இவ்வளவு பெருகியும்
அரைத் துளி எனாமல்கூடச் செய்யவில்லை.
இடம் மட்டும் பிடித்தன.

தீங்கற்ற கட்டிதான் என்றார்.
குணாளன் என் கையை விட்டுவிட்டு
மூச்சு விட்டார்.
ஆனால் சுரண்டி எடுத்தால் திரும்ப வரும்,
அதனால் 'என் பிளாக்' எடுக்க வேண்டும்.

என் பிளாக்கா?
புக்கிட் பாஞ்சாங்கில் பத்தாம் மாடி,
இன்னும் பதினோரு வருடத் தவணை பாக்கி,
அதை ஏன் எடுக்க வேண்டும்?
எதிர்க் கொண்டோக்காரர்கள்
என் பிளாக் விற்பனைக்குக் கையெழுத்து வாங்கி அலைந்த
மாதம் அது.
குணாளன் சத்தமாகச் சிரித்துவிட்டார்.
டாக்டருக்குப் புரியவில்லை.
எங்கள் மொழியில் 'என்' என்றால் என்னுடையது என்று
விளக்க வேண்டியதாயிற்று.
கொஞ்சம் யோசித்தார்.
ஆமாம், உங்களுடையதுதான் என்றார்.
மொத்தமாக, ஓரத்து நல்ல எலும்பும் சேர்த்து.
விற்க மாட்டேன் என்ற வீடும் சேர்ந்துதானே போகிறது.

பதிலுக்கு வைக்க
எந்தக் காலிலிருந்து எலும்பு எடுக்கலாம் என்றபோது
நான் யோசிக்கவே இல்லை.
இடது.
வலது பிரேக்குக்கு.

பத்து மணி நேரம்.
விழித்தபோது தொண்டையில் குழாய்,
மடியில் ஒரு சிறு வெள்ளைப் பலகை.
நான் முதலில் எழுதியது
என் பஸ்ஸை இன்று யார் எடுத்தார்கள்.

கீழுதட்டில் பாதி
நடப்பது எதையும் என்னிடம் சொல்வதில்லை.
கோப்பி வழிந்தால்
குணாளன் தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவார்.
ப வருகிறது, ம வருகிறது,
வ மட்டும் காற்றாகப் போகிறது.
வணக்கத்தை விட்டுவிட்டேன்.
தலையாட்டினால் போதும், பயணிகளுக்கு அவசரம்.

புபுர் கொண்டுவந்த ரொஹானா சொன்னாள்:
இனிமேல் நீ எது பேசினாலும்
உன் கால் பேசுவதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.
சிரித்தால் தையல் இழுத்தது.
இருந்தும் சிரித்தோம்.

மழை நாளில் தாடை வலிப்பதில்லை.
கணுக்காலுக்கு மேலே,
எலும்பு இல்லாத இடத்தில் வலிக்கிறது.

பத்து வருடம் வந்து காட்ட வேண்டும் என்று
அட்டை கொடுத்திருக்கிறார்கள்.
தீங்கற்ற ஒன்றுக்கு இத்தனை காவல்.
வீட்டுத் தவணையைவிட
ஒரு வருடம் குறைவு என்கிறார் குணாளன்.

நேற்று முதல் வண்டி என்னுடையது.
எதிர்க் கொண்டோவை இடிக்கிறார்கள்.
விளக்கு வெளிச்சத்தில் மண்வாரி,
அதன் வாளி விளிம்பில் ஐந்து பல்.
யாரோ ஒருவர் சமையலறையின் நீல ஓடு
அந்தப் பற்களுக்கிடையில் சிக்கித் தொங்கியது.
சிவப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.